தாளம் தப்பியது பாடகியாலா, கம்ப்யூட்டராலா?

தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர், அந்தப் பக்கம் கல்யாண் வரை தமிழர்கள் குடியிருக்கும் பகுதிகளில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிற வழக்கம் வேரூன்றிவிட்டது. பத்துக்குப் பத்து அறை. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிகள், கட்டிலுக்கு மேலே ஒரு பழைய கம்ப்யூட்டர், மடியில் கீ-போர்டு, ஜன்னலை அடைத்து ஒரு பஞ்சு மெத்தை. மின்விசிறியை நிறுத்தி, அடுத்த வீட்டுக் குக்கர் விசில் ஓயும்வரை காத்திருந்து, வேர்த்து விறுவிறுத்துப் பாடி முடிக்கிறார்கள். ஆடி மாதத்து அம்மன் பாட்டு, கிறிஸ்துமஸ் கீதம், கல்யாண வாழ்த்து, இளைஞர்களின் ராப் பாட்டு எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

1992-ல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாடல்கள், ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட பதிவுக்கூடத்தில் உருவானவை என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அன்று அதற்கு வேண்டியிருந்த முதலீடு பெரிது. இன்று அதில் ஒரு சிறு பங்குச் செலவிலேயே வீட்டில் பதிவு செய்துவிடலாம். மணிக் கணக்கில் பணம் கட்டி வாடகைக் கூடத்துக்குப் போக முடியாதவர்களுக்கு இது வரப்பிரசாதம்தான்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கீ-போர்டில் கட்டையை அழுத்தினால் ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. மைக்கில் பாடினால் தன் குரல் தனக்குப் பின்னால் ஓடி வருகிறது. 'லேட்டன்சி' என்று இந்தத் தாமதத்துக்குப் பெயர். கண் சிமிட்டும் நேரத்தை விடவும் குறைவான இந்தத் தாமதம் எத்தனை பேருடைய உற்சாகத்தைக் கெடுத்திருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

பாடகிக்கு வந்த பழி

தாராவியில் ஒரு கோயில் பாட்டுக் குழுவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். குழுவில் ஐந்து பேர். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் ஒரு கூரியர் ஆபீஸ் குமாஸ்தா. அம்மன் பாட்டுக்குத் தவில், உடுக்கை, கீ-போர்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிந்து வைத்துவிட்டு, பாடுவதற்குத் தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அழைத்தார்கள். வெள்ளிக்கிழமை பஜனையில் சிறு வயது முதல் பாடி வருபவர். அவர் காதில் மாட்டிக்கொள்ள, குழுவில் ஒருவருக்கு அன்பளிப்பாக வந்த கம்பியில்லா ஹெட்போனைக் கொடுத்தார்கள். புளூடூத் என்கிறார்களே, அந்த வகை.

பாடி முடித்துப் போட்டுக் கேட்டால், ஒவ்வொரு அடியும் தாளத்துக்குப் பின்னால் இழுத்தது. "அம்மா, கொஞ்சம் முன்னால் எடுங்கள்" என்றார்கள். மறுபடியும் இழுத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. "குரல் இருக்கிறது, தாளக்கட்டு இல்லை" என்று குழுவின் பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான்காம் ஞாயிறு அந்தப் பெண் வரவில்லை. தையல் கம்பெனியில் ஓவர்டைம் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார்.

பதிலுக்கு ஒரு மெல்லிசைக் குழுவில் பத்தாண்டு பாடிய அனுபவஸ்தரை அழைத்து வந்தார்கள். அதே ஹெட்போன், அதே பாட்டு. அவரும் இழுத்தார்!

அப்போதுதான் குமாஸ்தாவுக்குச் சந்தேகம் தட்டியது. அந்தப் பெண்ணின் குரலை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். இரண்டு குரல்களையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பல்லவியின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சரணம் வரை இரண்டுமே ஒரே அளவு தள்ளி நின்றன. தாளம் தெரியாதவர் ஓரிடத்தில் முந்துவார், ஓரிடத்தில் பிந்துவார். அளவெடுத்தாற்போல் ஒரே சீராகப் பிந்த மனிதரால் முடியாது, இயந்திரத்தால்தான் முடியும். பெண்ணின் குரலை அப்படியே ஐந்தில் ஒரு வினாடி முன்னால் இழுத்து வைத்தார். ஊசிக் காதில் நூல் நுழைந்ததுபோல் பாட்டு தாளத்தில் உட்கார்ந்தது.

நடந்தது இதுதான். கம்பியில்லா ஹெட்போன் இசையைச் சுருக்கிக் கட்டி, காற்றில் அனுப்பி, மறுமுனையில் பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. பாடுபவர் காதில் கேட்ட தாளத்துக்குச் சரியாகவே பாடினார். காதில் விழுந்த தாளம்தான் பழைய தாளம். நிமிஷத்துக்கு 120 தட்டு என்ற நடையில் ஒரு தட்டுக்கு அரை வினாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு எட்டில் ஒரு வினாடிதான். ஹெட்போனின் தாமதம் அதையும் தாண்டிவிடுகிறது. எந்த வித்வானைக் கொண்டு வந்து உட்கார வைத்தாலும் இதே கதைதான்.

அந்தப் பெண்ணிடம் போய் யார் சொல்வது என்பதில்தான் பிறகு சங்கடம். தீர்ப்புச் சொன்ன பெரியவரே போனார். "காதில் சரியாகத்தான் கேட்கிறது அண்ணாச்சி என்று முதல் நாளே சொன்னேனே" என்றாராம் அந்தப் பெண். சொல்லத்தான் செய்தார், கேட்கத்தான் ஆளில்லை. கம்பி வைத்த ஹெட்போன் என்ற ஒரே நிபந்தனையின் பேரில் அவர் திரும்ப வந்து இரண்டாவது பாட்டும் பாடிக் கொடுத்தார்.

குழாயடியும் குடமும்

ஹெட்போனை மாற்றியவுடன் எல்லாத் தாமதமும் போய்விடுவதில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தாமதம் இருக்கிறது. சால் வீட்டில் தண்ணீர் பிடித்துப் பழகியவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்.

மைக்கில் போன குரல் கம்ப்யூட்டருக்குள் எண்களாக மாறுகிறது. இசைத்தட்டுக் கணக்கில் ஒரு வினாடிக்கு 44,100 எண்கள். படம், வீடியோவுக்கு 48,000. கம்ப்யூட்டரின் மூளை ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே கவனித்துக்கொண்டிருக்க முடியாது. திரையைக் கவனிக்க வேண்டும், வைரஸ் தேட வேண்டும், இன்டர்நெட்டைப் பார்க்க வேண்டும். ஆகவே எண்களை ஒரு குடத்தில் நிரப்பி, குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போகிறது. இந்தக் குடத்துக்கு 'பஃபர்' என்று பெயர்.

குடம் நிறையும்வரை முதல் சொட்டும் காத்திருக்க வேண்டும். 1,024 எண்கள் பிடிக்கும் குடமானால் அது நிறைய 23 மில்லி வினாடி ஆகும். 256 ஆனால் ஏறக்குறைய 6. 128 ஆனால் 3. 64 ஆனால் ஒன்றரை. (ஆயிரம் மில்லி வினாடி சேர்ந்தது ஒரு வினாடி.) கணக்குப் போடுவது எளிது: குடத்தின் அளவை 44,100-ஆல் வகுக்க வேண்டியதுதான்.

அப்படியானால் சிறிய குடமாகவே எடுத்துக்கொண்டால் என்ன? எடுக்கலாம். ஆனால் 64 அளவுக் குடத்தோடு வினாடிக்கு 689 நடை நடக்க வேண்டும். ஒரு நடை தவறினாலும் வீட்டில் தண்ணீர் தீர்ந்துபோகும். அப்போதுதான் ஸ்பீக்கரில் 'பட் பட்' என்று வெடிப்பதும் கரகரப்பதும். தண்ணீர் தீராத அளவுக்கு, ஆனால் எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிய குடம். தாமதத்தைக் குறைக்கும் வித்தையில் பெரும்பகுதி இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாடுபவரின் குரல் உள்ளே போக ஒரு குடம், வெளியே வர ஒரு குடம். இது போதாதென்று, குரலை எண்ணாக்கி மீண்டும் குரலாக்கும் சாதனமும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். யு.எஸ்.பி. வழியில் பாதுகாப்புக்கென்று மறைவாக வைத்த சிறு குடம் வேறு. ஆகவே 256 என்று வைத்துவிட்டு 6 மில்லி வினாடி என்று நினைத்திருந்தால், போய்த் திரும்புவதற்குள் அது 15-ஐ எட்டுவது சகஜம்.

கீ-போர்டு வாசிப்பவருக்குக் கஷ்டம் இதில் ஏறக்குறைய பாதிதான். கட்டையை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குப் போவது ஒலியல்ல, 'இந்தக் கட்டை, இவ்வளவு பலம்' என்ற செய்தி மட்டுமே. 1983-ல் கருவி தயாரிப்பாளர்கள் கூடி ஏற்படுத்திய 'மிடி' என்ற முறை அது. பழைய மிடி கேபிளில்கூட ஒரு சுரத்துக்கான செய்தி ஒரு மில்லி வினாடிக்குள் போய்விடும். வெளியே வரும் குடத்தைத்தான் அவர் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு வரை பொறுக்கலாம்?

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. ரயில்வே பிளாட்பாரத்தில் நின்றவர்கள் அறிவார்கள்: பக்கத்து ஒலிபெருக்கி அறிவித்து முடிப்பதற்குள், 70 மீட்டருக்கு அப்பால் உள்ளது ஐந்தில் ஒரு வினாடி கழித்து அதையே சொல்லி, இரண்டும் குழம்பி, வண்டி எந்த நம்பர் பிளாட்பாரம் என்பதே தெரியாமல் போகும். அதே கணக்கில் 10 மில்லி வினாடி என்பது மூன்றரை மீட்டர் தூரம். மேடையில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் அந்த இடைவெளியில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. கீ-போர்டுக்கு 10 வரை பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. 20, 30 என்று போனால் விரல் சேற்றில் அழுந்துவதுபோல் இருக்கும். தாளக் கருவி வாசிப்பவர்கள் இன்னும் கறாரானவர்கள்.

பாடுபவர் நிலை வேறு. தன் குரல் எலும்பு வழியாக உடனேயே அவர் காதுக்குப் போய்விடுகிறது. ஹெட்போன் வழியாக ஐந்தாறு மில்லி வினாடி கழித்து வந்தாலும் இரண்டும் மோதி, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மாறிக் கேட்கும். தாமதம் ஐந்தில் ஒரு வினாடியை நெருங்கினால் பேச்சே தடுமாறும் என்று 1950-ஐ ஒட்டி அமெரிக்காவில் பரிசோதித்துக் கண்டார்கள். ஊருக்கு டெலிபோன் பேசும்போது தன் குரலே தனக்குத் திரும்பக் கேட்டால் நாக்குக் குழறுகிறதே, அதேதான்.

கடையில் சொல்வதும் காரியத்தில் நடப்பதும்

தாமதம் என்று கடையில் போய்ச் சொன்னால் பல இடங்களில் வரும் முதல் பதில், "ராம் போடுங்கள்" என்பது. மேலே சொன்ன குமாஸ்தாவும் தீபாவளி போனஸில் பாதியை அப்படித்தான் கொடுத்திருக்கிறார். தாமதம் ஓர் இம்மியும் குறையவில்லை. ராம் என்பது சாமான் வைக்கும் பரண். பியானோ, வயலின் கூட்டம் என்று பெரிய ஒலித் தொகுப்புகளை வைத்து வாசிப்பவருக்குப் பரண் பெரிதாக இருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் பரணைப் பெரிதாக்கினால் குடம் சிறிதாகிவிடாது. காசு செலவழிக்கும் முன் காசில்லாமல் செய்யக்கூடியதைச் செய்து பார்ப்பதே விவேகம்.

முதலில், ஒலி போகும் வழியை மாற்ற வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் சாதாரணமாக எல்லா புரோகிராம்களின் சத்தமும், ஈ-மெயில் மணியும் சேர்த்து, ஓரிடத்தில் கலந்து பிறகே வெளியே வருகிறது. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கல் மாதிரி. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-ல் 'ஆஸியோ' என்ற முறையைக் கொண்டுவந்தது. அது பாஸ்ட் லோக்கல். நடுவில் நிற்காமல் இசைப் புரோகிராமையும் ஒலிச் சாதனத்தையும் நேராக இணைக்கிறது. ரீப்பர், கியூபேஸ் போன்ற புரோகிராம்களின் ஆடியோ அமைப்புப் பக்கத்தில் 'ஆஸியோ' என்று தேர்ந்தெடுத்தாலே பலருக்குப் பாதித் துன்பம் தீர்ந்துவிடும். தனிச் சாதனம் இல்லாதவர்கள் 'ஆஸியோ ஃபார் ஆல்' என்ற இலவசப் புரோகிராமைப் போட்டுப் பார்க்கலாம். அது ஓட்டைக்கு வைத்த ஒட்டுதான் என்றாலும், சம்பளம் வரும்வரை தாங்கும்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை. 'கோர் ஆடியோ' என்ற வழி அதிலேயே கூடி வருகிறது. லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. குறித்த நேரத்தில் குறித்த வேலையை முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஏற்பாடு, ஏறக்குறைய இருபதாண்டு உழைப்புக்குப் பிறகு, 2024-ல் வந்த 6.12 பதிப்பில் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

அடுத்தது, குடம் சுமப்பவரை யாரும் நடுவழியில் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வது. மடிக் கம்ப்யூட்டரைப் பாட்டரியில் ஓட்டக் கூடாது. சார்ஜரைச் செருகி, மின்சார அமைப்பில் 'ஹை பெர்பாமன்ஸ்' என்று வைக்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற கம்ப்யூட்டர் அடிக்கடி தூங்கி வழியும். பதிவு நேரத்தில் வைபையை அணைத்துவிட வேண்டும். ஒலிச் சாதனத்தை யு.எஸ்.பி. ஹப்பில் போடாமல் நேராகக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு வெடிப்புச் சத்தம் கேட்டால், 'லேட்டன்சி மான்' என்ற புரோகிராம் இருக்கிறது. எந்த டிரைவர் வழியை மறிக்கிறது என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும். பல கம்ப்யூட்டர்களில் குற்றவாளி வைபை டிரைவராகவே இருக்கும்.

பதிய ஒரு குடம், கலக்க ஒரு குடம்

பலர் ஒரே அளவை வைத்துவிட்டு அதனோடு மல்லாடுகிறார்கள். அது வேண்டியதில்லை. பாடும்போதும் வாசிக்கும்போதும் 64 அல்லது 128. எல்லாம் பதிந்து முடித்து, ஏற்ற இறக்கம் செய்து கலக்கும்போது 1,024. அப்போது யாரும் பாடவில்லை, ஆகவே தாமதத்தால் நஷ்டமில்லை. பழைய கம்ப்யூட்டரும் மூச்சு வாங்காமல் வேலை செய்யும்.

குரலுக்கு மெருகேற்றும் சில புரோகிராம்கள் வரப்போகும் ஒலியை முன்கூட்டியே எட்டிப் பார்த்து வேலை செய்பவை. எட்டிப் பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் சற்று நிறுத்தி வைக்கத்தானே வேண்டும்? குடத்தை எவ்வளவு சிறிதாக்கினாலும் தாமதம் குறையவில்லை என்று தலையில் கை வைப்பவர்கள், கடைசியில் லிமிட்டர் போன்ற ஏதாவது ஒன்று மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலக்கும் நாளில் மாட்டிக்கொள்ளலாம்.

பாடகருக்கு எல்லாவற்றிலும் உத்தமமான வழி, தன் குரலைக் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பவிடாமல், வாசலிலேயே கேட்டுவிடுவது. ஆடியோ இன்டர்பேஸ் எனப்படும் சிறு பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மைக்கிலிருந்து ஹெட்போனுக்கு நேர்வழி, தாமதம் ஏறக்குறைய இல்லை. கம்ப்யூட்டர் வழியாகத் திரும்பும் குரலை மறக்காமல் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரட்டைக் குரல் கேட்கும். இதில் ஒரு குறை, பாடகர்கள் விரும்பும் எதிரொலி மெருகு இல்லாமல் குரல் வறண்டு கேட்பது. அதற்கும் மாற்று உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து எதிரொலியை மட்டும் திரும்ப வரச் செய்து நேர்க் குரலோடு சேர்த்துக் கேட்கலாம். எதிரொலி என்றாலே பிந்தி வருவதுதான், பத்து மில்லி வினாடி கூடப் பிந்தினால் யாருக்குத் தெரியப் போகிறது!

அளந்து பார்ப்பது எப்படி?

புரோகிராம் திரையில் காட்டும் தாமதக் கணக்கை முழுதும் நம்ப வேண்டியதில்லை. ஒரு கேபிளை எடுத்து, சாதனத்தின் வெளிவாயிலிருந்து உள்வாய்க்குச் செருகி, 'டக்' என்ற ஒரு சத்தத்தை ஓடவிட்டுப் பதிய வேண்டும். முதல் டக்குக்கும் பதிந்த டக்குக்கும் இடையே எத்தனை எண்கள் தள்ளியிருக்கிறது என்று திரையைப் பெரிதாக்கி எண்ணிப் பார்க்கலாம். புரோகிராம் தனக்குத் தெரிந்த தாமதத்தைத் தானே கழித்துக்கொண்டு வைக்கும். அதற்குப் பிறகும் மிச்சம் தள்ளி நிற்பதுதான் அது அறியாத தாமதம். 441 எண்கள் தள்ளி நின்றால் 10 மில்லி வினாடி. அந்த எண்ணை அமைப்புப் பக்கத்தில் ஒரு முறை எழுதிவிட்டால், அன்று முதல் பதியும் ஒவ்வொரு குரலையும் அதுவே சரியான இடத்தில் வைத்துவிடும். குடத்தின் அளவை மாற்றினால் மறுபடி ஒரு தடவை அளந்துவிடுவது நல்லது.

பெட்டி வாங்க நினைப்பவர்கள் புதிதுக்குப் போனாலும், லாமிங்டன் ரோட்டிலோ தெரிந்தவரிடமோ பழையதுக்குப் போனாலும், விலை பேசும் முன் கேட்க வேண்டியது ஒன்று. தங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸுக்கு அந்தக் கம்பெனி ஆஸியோ டிரைவர் கொடுத்திருக்கிறதா? பத்து வருஷத்துப் பெட்டி பளபளவென்று இருக்கும், சத்தமும் அருமையாக இருக்கும், டிரைவர் மட்டும் பழைய விண்டோஸோடு நின்றிருக்கும். கடையிலேயே தங்கள் மடிக் கம்ப்யூட்டரில் மாட்டி, 128-ல் வைத்து, ஐந்து நிமிஷம் வெடிப்பில்லாமல் ஓடுகிறதா என்று கம்பி ஹெட்போனில் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கலாம்.